கேம்பிரிட்ஜின் டியூஷன் ஆசிரியர்கள்: ஹாப்கின்ஸ் முதல் ஹார்டி வரை

1854 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வு எட்டு நாள் நடந்தது. 16 வினாத்தாள்கள், நாற்பத்து நான்கரை மணி நேரம், 211 கேள்விகள். ‘டிரைபோஸ்’ எனப்படும் அந்தத் தேர்வில் எட்வர்ட் ஜான் ரௌத் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு. பின்னாளில் மின்காந்தவியலின் சமன்பாடுகளை உலகுக்குத் தந்த அதே மாக்ஸ்வெல்தான். சில நாட்களில் ஸ்மித் பரிசுக்கான தேர்வு வந்தது. அதில் இருவரும் சமமாக நின்றார்கள். அந்த வினாத்தாளை அமைத்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அதில் நிறுவும்படி கேட்கப்பட்ட ஒரு கூற்றைத்தான் இன்று இயற்பியல் மாணவர்கள் ‘ஸ்டோக்ஸ் தேற்றம்’ என்று படிக்கிறார்கள். உண்மையில் அதை நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டோக்ஸுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தின் கெல்வின் பிரபு.

தேர்வு எழுதிய இருவர், கேள்வி கேட்டவர், கேள்வியின் மூலத்தைக் கண்டவர் ஆகிய நால்வருக்கும் பொதுவான ஒன்று உண்டு. நால்வரும் ஒரே ஆசிரியரிடம் காசு கொடுத்துத் தனியாகப் படித்தவர்கள். வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற அந்த ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் அல்லர். எந்தக் கல்லூரியின் ஃபெல்லோவும் அல்லர். இன்றைய தமிழ்ப் பேச்சில் சொன்னால் டியூஷன் வாத்தியார்.

தனிப்பயிற்சி என்றாலே தரம் குறைந்த கல்வி, மனப்பாட வியாபாரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதற்கு நேர்மாறாக, டியூஷன் இல்லாவிட்டால் பிள்ளைக்கு எதிர்காலமே இல்லை என்ற பயமும் அதே வீடுகளில்தான் குடியிருக்கிறது. இரண்டு எண்ணங்களையும் வைத்துச் சோதித்துப் பார்க்க 19ஆம் நூற்றாண்டின் கேம்பிரிட்ஜைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகள், உயர்கணிதத்தை உண்மையில் கற்பித்தவர்கள் தனிப்பயிற்சி ஆசிரியர்களே. அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எப்படிக் கற்பித்தார்கள் என்பதற்குக் கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் ஏராளமாக இருக்கின்றன.

அப்படி ஒரு தொழில் ஏன் உருவாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழைய கேம்பிரிட்ஜில் பட்டத்துக்கான சோதனை லத்தீனில் நடக்கும் வாய்வழி விவாதம். 18ஆம் நூற்றாண்டில் அது மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வாக மாறியது. தேறியவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தரவரிசைப்படுத்தப்பட்டார்கள். முதல் வகுப்பில் தேறியவர் ‘ராங்லர்’, அவர்களில் முதல்வர் ‘சீனியர் ராங்லர்’. பட்டியலில் மேலே நின்றவர்களுக்குக் கல்லூரி ஃபெல்லோ பதவியும் அதன் வருமானமும் கிடைத்தன. வழக்கறிஞர் தொழிலுக்கும் திருச்சபைப் பதவிக்கும் அதுவே படிக்கட்டு. ஓர் இடம் முன்னே பின்னே என்பது வாழ்நாள் முழுவதற்குமான வித்தியாசம். ஆனால் கல்லூரி விரிவுரைகளில் கெட்டிக்காரனும் கணக்கே வராதவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பாடம் பின்தங்கியவனின் வேகத்தில் நகர்ந்தது. பேராசிரியர்களோ தேர்வுக்குத் தொடர்பில்லாதவற்றைப் பேசினார்கள். இடைவெளியைத் தனியார் நிரப்பினார்கள்.

பல்கலைக்கழகம் தடுத்துப் பார்த்தது. தேர்வுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் தனிப்பயிற்சி பெற்றவர் தேர்வெழுதக் கூடாது என்று 1781இல் விதி போட்டது. காலம் செல்லச் செல்ல அந்த இரண்டு ஆண்டு சுருங்கி 1824இல் ஆறு மாதமாயிற்று. பிறகு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தேர்வின் அமைப்பை மாற்றாமல் டியூஷனைத் தடைசெய்ய முயன்ற மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று இது. அது தோற்ற விதமும் நமக்குப் பழகியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஃபெல்லோவாக இருப்பவர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் பதவி போய்விடும். இந்த விதி முழுமையாகத் தளர்ந்தது 1882இல்தான். ஆகவே கணிதத்தில் மிகச் சிறந்த ஒருவர் குடும்பம் நடத்த விரும்பினால், அந்த ஊரிலேயே இருந்து சம்பாதிக்கக் கௌரவமான வழி தனிப்பயிற்சி ஒன்றுதான். வேலை கிடைக்காதவர்கள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. நிறுவனத்தின் விதி வெளியே தள்ளிய திறமைசாலிகள் வந்தார்கள். அந்த ஆசிரியர்களின் தரத்துக்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஹாப்கின்ஸே அப்படி வந்தவர்தான். 1793இல் நாட்டிங்ஹம்ஷயரில் பிறந்து, சஃபோக் பகுதியில் விவசாயம் பார்த்தார். அதில் அவருக்கு மனமும் ஒட்டவில்லை, லாபமும் வரவில்லை. முதல் மனைவி இறந்தபின் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார். முப்பது வயதை ஒட்டி, பத்து வயதுக்கு மேல் இளையவர்களோடு பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1827இல் ஏழாவது ராங்லர். மறுமணம் செய்துகொண்டிருந்ததால் ஃபெல்லோ பதவிக்கு வழியில்லை. தனிப்பயிற்சியைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். 1849 வாக்கில் கணக்குப் பார்த்தபோது அவருடைய மாணவர்களில் 17 பேர் சீனியர் ராங்லர்கள், 44 பேர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள். ஊரே அவரை ‘சீனியர் ராங்லர்களை உருவாக்குபவர்’ என்று அழைத்தது.

இந்த எண்களை நிதானத்தோடு படிக்க வேண்டும். ஹாப்கின்ஸ் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாண்டு முடிந்தபின், தேறக்கூடியவர்கள் என்று தெரிந்தவர்களையே தேர்ந்தெடுத்தார். ஏற்கெனவே ஓடக்கூடியவர்களை அழைத்து ஓடவைத்தவர் அவர். இன்றைய பயிற்சி மையங்களின் வாசலில் ஒட்டப்படும் படங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம்: உள்ளே வரும்போது அந்த மாணவர் எங்கே நின்றிருந்தார்?

ஆனாலும் தேர்ந்தெடுத்தது மட்டும் அவர் வேலை அல்ல. சமமான திறமை உள்ள பத்துப் பதினைந்து பேரை ஒரு குழுவாக வைத்தார். ஒருவன் மற்றவனைப் பார்த்து முன்னேற வேண்டும், ஆசிரியரின் ஒவ்வொரு சொல்லும் அறையில் உள்ள எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். விரிவுரையாக ஓதாமல் கேள்வி கேட்டுக் கேட்டு நடத்தினார். எழுதிக் கொடுத்ததைத் திருத்தினார். 1841இல் அவரிடம் சேர்ந்த ஃபிரான்சிஸ் கால்டன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் உற்சாகம் பொங்குகிறது. ஹாப்கின்ஸ் கணக்குகளை ஒட்டி வேடிக்கைக் கதைகள் சொல்வார், பெரிய மனித தோரணை கிடையாது, நல்ல வேகத்தில் கொண்டுபோவார், சூத்திரங்களுக்குப் பின்னால் உள்ள தத்துவத்துக்குள் இறங்குவார், இதுபோல் எதையும் தான் ரசித்ததில்லை என்று எழுதுகிறார். அதே கால்டன்தான் படிப்பின் சுமை தாங்காமல் உடலும் மனமும் நொறுங்கி, சிறப்புத் தேர்வை எழுதாமலேயே சாதாரணப் பட்டத்தோடு வெளியேறினார். நல்லாசிரியர் ஒருவர் கிடைத்தாலும், ஒரே தேர்வில் வாழ்வைப் பணயம் வைக்கும் அமைப்பின் அழுத்தத்தை அவரால் நீக்கிவிட முடியாது.

ஹாப்கின்ஸுக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு வாழ்வு இருந்தது. பூமியின் உட்புறம் திரவமா திடமா, மலைகள் எழும்போது பாறைகள் எந்தக் கோட்டில் பிளக்கின்றன, பனியாறுகள் எப்படி நகர்கின்றன என்பவற்றைக் கணிதத்தால் ஆராய்ந்தார். நிலவியல் கழகத்தின் வோலஸ்டன் பதக்கத்தை 1850இல் பெற்றார், அடுத்து அக்கழகத்தின் தலைவரும் ஆனார். தேர்வில் வரும் கணக்கு அவருக்கு வெறும் கணக்கு அல்ல. இயற்கையைப் பற்றிய, இன்னும் விடை தெரியாத கேள்விகளுக்கான கருவி. மாக்ஸ்வெல்லைப் பற்றி, இயற்பியல் விஷயங்களில் இந்தப் பையனால் தவறாக யோசிக்கவே முடியாது போலிருக்கிறது என்று அவர் சொன்னதாக உடன் படித்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். கணக்கைச் சீக்கிரம் போடும் பையன்களையே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், வேகத்தை விட்டு இயல்பான சிந்தனையை அடையாளம் கண்டது தற்செயல் அல்ல.

இவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. நாட்டிங்ஹமில் மாவு மில் வைத்திருந்த ஜார்ஜ் கிரீன் என்பவர் 1828இல் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றித் தம் சொந்தச் செலவில், சந்தா திரட்டி, ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘கிரீன் தேற்றம்’ அதில்தான் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, கிரீன் 1841இல் இறந்தும்போனார். மாணவரான வில்லியம் தாம்சன் வேறொரு கட்டுரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் புத்தகக் கடைகளிலெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. 1845 ஜனவரியில் டிரைபோஸ் முடிந்து பாரிஸுக்குப் புறப்படும் தறுவாயில், பேச்சோடு பேச்சாக ஹாப்கின்ஸிடம் சொன்னார். என்னிடம் பிரதிகள் இருக்கின்றனவே என்று ஹாப்கின்ஸ் தம் அறைக்கு அழைத்துச் சென்று எடுத்துக் கொடுத்தார். தாம்சன் அதைப் பாரிஸின் கணித மேதைகளிடம் காட்டினார், பின்பு ஜெர்மனியின் கிரெல்லே இதழில் மறுபதிப்பாக வரச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் இயற்பியலுக்கு அது எவ்வளவு உதவியது என்பது தனிக் கதை.

இதை ஆசிரியரின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். தாம்சன் அந்த அறைக்கு ஆண்டுக்கணக்காகப் போய்வந்தவர். அந்தப் பிரதிகள் அவ்வளவு காலமும் அங்கேதான் இருந்தன. அவை கைமாறியது தேர்வு முடிந்த பிறகு. தேர்வில் வராததை மாணவனின் மேசைமேல் வைக்காமலிருப்பது பயிற்சி ஆசிரியரின் நாணயம், அந்தக் காலத்தில் பெற்றோர் பணம் கொடுத்தது அதற்கே. ஹாப்கின்ஸ் போன்ற ஒருவரும் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டார். ஆனால் ஒப்பந்தம் முடிந்த அன்று எடுத்துக் கொடுக்க அவர் அலமாரியில் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு தனிப்பயிற்சி ஆசிரியரை எடைபோட எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். பாடத்திட்டத்துக்கு வெளியே அவருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா?

ஹாப்கின்ஸுக்குப் பின் அரசாண்டவர் ரௌத். கனடாவின் கியூபெக்கில் 1831இல் பிறந்தவர். லண்டனில் கணிதர் டி மார்கனிடம் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். 1855 முதல் 1888 வரை பயிற்சி அளித்தார். அவரிடம் படித்தவர்கள் 600க்கும் மேல், அவர்களில் 25க்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்லர்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ச்சியாக முதலிடம் அவர் அறையிலிருந்தே போனது என்றால் மற்றவர்கள் எந்த நம்பிக்கையில் தேர்வெழுதினார்கள் என்று வியப்பாக இருக்கிறது. ரேலி பிரபு, ஜே. ஜே. தாம்சன், வில்லியம் ஹென்றி பிராக் என்று நோபல் பரிசு பெற்ற மூவர் அவர் மாணவர்கள்.

ரௌத்தின் முறை ஹாப்கின்ஸுடையதைப் போல உரையாடல் சார்ந்ததல்ல. எட்டுப் பத்துப் பேர் கொண்ட வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், கரும்பலகையருகே நின்று தெளிவான விளக்கம். நகைச்சுவை கிடையாது, வழிதவறிய பேச்சு கிடையாது. அவர் தயாரித்த கையெழுத்துக் குறிப்புகள் வெளி அறையில் இருக்கும், மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் கணக்குத்தாள் ஒன்று. ஒரு வாரம் ஓய்வாகப் போட்டுக் கொண்டுவரலாம், அடுத்த வாரம் தேர்வைப் போலவே மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அவர் திருத்தி மதிப்பெண் இட்டு, எல்லோரும் பார்க்கும்படி வைப்பார், கூடவே முழு விடையும் இருக்கும். மூன்று ஆண்டில் எந்த மாதம் எந்தப் பாடம் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. பிற்பகலில் நடை. மழையானாலும் அவர் நடையும் மாறாது, வகுப்பும் மாறாது.

ஆண்டுக்காண்டு, இருபது முப்பது ஆண்டு, ஒவ்வொரு மாணவன் தாளையும் தாமே வாசித்துத் திருத்துவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். தனிப்பயிற்சியின் உண்மையான பலம் எதில் இருக்கிறது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். எந்தப் படியில் எழுத்து தடுமாறியது, எந்தக் குறியீட்டை மாற்றிப் போட்டான் என்று ஒருவர் கண்ணால் பார்த்து அடுத்த வாரமே சொல்லுவது. சிறு வயதில் தந்தையை இழந்த, மான்செஸ்டர் புத்தக வியாபாரியின் மகன் ஜே. ஜே. தாம்சன் முதுமையில் எழுதிய நினைவுகளில் இந்த ஒழுங்கை நன்றியோடு நினைக்கிறார். பிராக் 1884இல் மூன்றாவது ராங்லர். 23 வயதில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பேராசிரியராகப் போனபோது அவருக்கு இயற்பியல் அதிகம் தெரியாது, கப்பலில் படித்துக்கொண்டே போனார். ரௌத் கொடுத்த கணிதப் பயிற்சி அதைச் சாத்தியமாக்கியது.

நம் பொறியியல் கல்லூரிகளில் ‘கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்’ படித்தவர்களுக்கு ரௌத்தின் பெயர் பழக்கம். ஓர் அமைப்பு நிலையாக நிற்குமா, தடுமாறி விழுமா என்று சமன்பாட்டின் கெழுக்களைக் கொண்டே கண்டுபிடிக்கும் ரௌத்–ஹர்விட்ஸ் விதி அவருடையது. 1877இல் ஆடம்ஸ் பரிசு பெற்ற ஆராய்ச்சி அது. மூன்று நான்கு வகுப்புகளுக்கு நாள்தோறும் பாடம் நடத்தி, மூட்டை மூட்டையாகத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஒருவர் மிச்ச நேரத்தில் செய்தது. அதனால் ரௌத்தை வெறும் தேர்வு இயந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஹாப்கின்ஸிடம் இருந்த கதவு ஒன்று இவர் அறையில் மூடியிருந்தது. 1870களில் மாக்ஸ்வெல் அதே ஊரில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர். மின்காந்தவியலை அதை உருவாக்கியவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு. அந்த விரிவுரைகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்தார்கள். ரௌத்தின் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாக்ஸ்வெல் பேசியது தேர்வுக்கு உதவுமா என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு பயிற்சி ஆசிரியரான டாட்ஹன்டரின் கதை வேறு. ஐசக் டாட்ஹன்டர் தந்தையை ஆறு வயதில் இழந்தார். தாயார் ஹேஸ்டிங்ஸில் பெண்கள் பள்ளி நடத்திக் குடும்பத்தைக் காத்தார். பள்ளியொன்றில் உதவி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் படித்து முன்னேறி, ஹாப்கின்ஸின் மாணவராகி, 1848இல் சீனியர் ராங்லர் ஆனவர். அவர் எழுதிய அல்ஜீப்ராவும் யூக்ளிடும் இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாக ஓடின. இவ்வளவு போராடிப் படித்தவரின் மனம் புதியதற்குத் திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஒளி படிகத்துக்குள் கூம்பாக விரியும் விந்தையை மாக்ஸ்வெல் நேரில் காட்ட அழைத்தபோது அவர் மறுத்துவிட்டாராம். வாழ்நாள் முழுக்க இதைக் கற்பித்திருக்கிறேன், இனிப் பார்த்து என் எண்ணங்களைக் குலைத்துக்கொள்ள விரும்பவில்லை என்றாராம். வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. வறுமையிலிருந்து எழுந்த ஆசிரியர் தம்மை உயர்த்திய ஏணியை அளவுக்கு மேல் மதித்துவிடுவது இயல்பு. தேர்வு அவருக்கு நீதி செய்தது. அதை அவர் சந்தேகிக்க என்ன காரணம் இருக்கிறது?

பெண்கள் விஷயத்தில் தனிப்பயிற்சி வேறொரு பணியையும் செய்தது. கர்ட்டன், நியூனம் கல்லூரிகளின் மாணவிகளுக்குப் பல்கலைக்கழகம் 1948 வரை முழுப் பட்டம் தரவில்லை. ஆனால் பயிற்சி ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையில்லை. 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் சீனியர் ராங்லருக்கும் மேலே மதிப்பெண் பெற்றுக் காட்டினார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஏர்னெஸ்ட் ஹாப்சன், 1878இன் சீனியர் ராங்லர். நிறுவனம் பூட்டிய கதவைச் சந்தை திறந்துவிட்டது. தனிப்பயிற்சியை ஒட்டுமொத்தமாகக் கண்டிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரௌத் ஓய்வு பெற்றபின் ராபர்ட் ரம்சே வெப் முன்னணிக்கு வந்தார். 1872இன் சீனியர் ராங்லர். காலை முதல் இரவு வரை வகுப்பு, வாரம் அறுபது மணி நேரம் வரை கற்பித்தவர். ஹாப்கின்ஸின் பனியாறு, ரௌத்தின் நிலைப்புத் தன்மை போல அவருக்கென்று பெயர் சொல்லும் ஆராய்ச்சி எதுவும் இல்லை. உழைப்பில் அவர் யாருக்கும் சளைத்தவரல்லர், ஆனால் அந்த உழைப்பு முழுவதும் தேர்வுக்குள்ளேயே சுற்றி வந்தது. 1896இல் டிரினிட்டி கல்லூரிக்கு வந்த ஜி. எச். ஹார்டி அவரிடம் அனுப்பப்பட்டார். வினாத்தாள் அமைப்பவர்களின் தந்திரங்களைப் பழகுவதே பாடம் என்று கண்டு வெறுத்து, கணிதத்தை விட்டு வரலாற்றுக்கு மாறிவிடலாமா என்று கூட யோசித்தார். அவரைக் காப்பாற்றியவர் ஏ. ஈ. எச். லவ். அவர் ஒரு பயன்முறைக் கணிதர். அவரிடம் ஹார்டி சில பருவங்களே படித்தார். ஆனால் பிரெஞ்சுக் கணிதர் கமில் ஜோர்டானின் பகுப்பாய்வு நூலைப் படி என்று லவ் சொன்ன ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கணிதம் என்றால் என்ன என்று அந்த நூலைப் படித்தபோதுதான் புரிந்தது என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். தேர்வுக்கும் உட்கார்ந்தார், 1898இல் நான்காவது ராங்லர். அதன்பின் தரவரிசையை ஒழிக்கப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1909இல் கடைசித் தரவரிசை வாசிக்கப்பட்டது. திருமண விதி தளர்ந்து நல்ல ஆசிரியர்களைக் கல்லூரிகளே வைத்துக்கொள்ள முடிந்ததாலும், வரிசை போனதாலும், தனித்தொழிலாக இருந்த பயிற்சி மறைந்தது. இரண்டொரு மாணவரை ஆசிரியர் தம் அறையில் வைத்து எழுதியதைத் திருத்தித் தரும் வழக்கம் மட்டும் கல்லூரிக்குள் புகுந்து, கேம்பிரிட்ஜின் அதிகாரபூர்வ முறையாகவே இன்றுவரை நிற்கிறது.

இந்த வரலாற்றின் கிளை ஒன்று கும்பகோணத்துக்கு நீள்கிறது. லண்டனில் டிரைபோஸுக்குப் பயிற்சி அளித்துவந்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் பெரிய பெயர் எடுத்தவர் அல்லர். நாற்பது வயதை ஒட்டிக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து 1880இல், ராங்லர் வரிசைக்குக் கீழே, இரண்டாம் வகுப்பில் பன்னிரண்டாவதாகத் தேறினார். தம் பயிற்சிக் குறிப்புகளையே தொகுத்து, ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை எண்ணிட்டு வரிசையாக அடுக்கி, நிறுவல் எனப் பெயருக்கு ஓரிரு வரிக் குறிப்பு மட்டும் சேர்த்து, 1880இலும் 1886இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். நினைவூட்டலுக்கான டியூஷன் நூல், அவ்வளவுதான். 1903இல் அது கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து பதினைந்து பதினாறு வயதுச் சீனிவாச ராமானுஜன் கைக்கு வந்தது. ராமானுஜனின் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படிப்பது வழக்கம், அவர்களுக்குத் தெரிந்த கணிதமெல்லாம் சிறு வயதிலேயே அவருக்கும் வந்துவிட்டிருந்தது. லோனியின் திரிகோணவியல் ஏற்கெனவே முடிந்திருந்தது.

கேம்பிரிட்ஜ் மாணவனுக்கு கார் நூலில் விட்டுப்போன படிகளை நிரப்பப் பக்கத்திலேயே ஆசிரியர் இருந்தார். கும்பகோணத்தில் யாரும் இல்லை. அதனால் ஒவ்வொரு வரியையும் ராமானுஜன் தாமே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது, ஒன்றை நிறுவப் போய்ப் பத்தைக் கண்டுபிடித்தார். அவர் நோட்டுப் புத்தகங்களின் எழுத்து முறையும் அதே சாயலில் இருக்கிறது: முடிவு, அடுத்த முடிவு, அடுத்தது, நிறுவல் இல்லை. சுமாரான ஓர் ஆசிரியர் சுமாரான மாணவர்களுக்காக எழுதிய நூல், ஆசிரியரே இல்லாத இடத்தில் வேறொன்றாக மாறியது.

ராமானுஜனும் டியூஷன் எடுத்தவர். எஃப்.ஏ. தேர்வில் கும்பகோணத்திலும் சென்னையிலும் தோற்று, உதவித்தொகை இழந்து, வேலை தேடித் திரிந்த ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். அன்று அவரிடம் படித்தவர்கள் பின்னாளில் பதிந்த நினைவுகள் கிடைக்கின்றன. ஒரு கணக்குக்குப் பல வழிகள் காட்டுவார் என்று ஒருவர் பரவசப்படுகிறார். பி.ஏ. தேர்வுக்கு வகைநுண்கணிதம் கற்க வந்த இன்னொருவருக்கோ முடிவிலியையும் நுண்ணளவையும் பற்றியே பேச்சு நீண்டுகொண்டு போனதாம். தேர்வுக்கு உதவாது என்று இரண்டு வாரத்தில் அந்த வகுப்பு நின்றது. அந்த மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டது கணக்குத் தேர்வுக்கான உதவி, கிடைத்தது வேறு. ஆனால் ஹாப்கின்ஸுக்கும் ராமானுஜனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. ஹாப்கின்ஸ் ஒப்பந்தத்தை முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தார், ராமானுஜனுக்கு அலமாரியை மூடிவைக்கத் தெரியவில்லை.

ராமானுஜனைக் கண்டெடுத்தவர்களில் பலர் பயிற்சி ஆசிரியர்களின் அறைகளிலிருந்து வந்தவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகைக்கு 1913இல் பரிந்துரைத்த கில்பர்ட் வாக்கர் 1889இன் சீனியர் ராங்லர். 1914இல் சென்னைக்கு வந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வர இணங்கச் செய்த நெவில் கடைசித் தரவரிசையின் இரண்டாவது ராங்லர். அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் ஹார்டியும், 1905இல் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட லிட்டில்வுட்டும்.

பயிற்சி முறையை வெறுத்த ஹார்டியிடம் இப்போது ஒரே ஒரு மாணவர், அவருக்குத் தேர்வு எதுவும் இல்லை. என்ன கற்பிப்பது? நிறுவல் என்றால் என்ன என்பதே அந்த மாணவருக்குத் தெளிவாகத் தெரியாது. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு தெரியாது. அவற்றை முறையாக முதலிலிருந்து நடத்தினால் அவருடைய நம்பிக்கையும் கண்டுபிடிக்கும் வேகமும் உடைந்துபோகுமோ என்று ஹார்டி அஞ்சினார். நடத்தாமல் விட்டால், கிடைக்கும் முடிவுகளில் எது சரி எது பிழை என்று பிரித்தறிய முடியாது. ஒன்றைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் அதிலிருந்து புதுப் புது யோசனைகள் கொட்டிப் பாடமே நின்றுவிடும் என்று லிட்டில்வுட் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். அவரும் போர்ப்பணிக்குப் போய்விட, ஹார்டி தனியாக நின்றார். தேவை வந்த இடத்தில் மட்டும், அந்தக் கணக்குக்கு வேண்டிய அளவு மட்டும் கற்பித்தார். ராமானுஜனிடமிருந்து தாம் கற்றதே அதிகம் என்றும் எழுதிவைத்தார்.

அந்த முறையில் விளைந்தவற்றுள் மிகப் பெரியது, ஓர் எண்ணை எத்தனை விதமாகச் சிறு எண்களின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கான வாய்பாடு. மிக நெருங்கிய துல்லியத்தோடு அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற உறுதி ராமானுஜனுடையது. அதை எட்டுவதற்கான பகுப்பாய்வுக் கருவிகள் ஹார்டியுடையவை, கமில் ஜோர்டானின் பக்கங்களில் அவர் கற்கத் தொடங்கிய மரபைச் சேர்ந்தவை. 1918இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. வாய்பாட்டைச் சோதிக்க மேஜர் மக்மஹன் 200 என்ற எண்ணுக்குக் கையாலேயே கணக்கிட்டுக் கொடுத்த விடை 3,972,999,029,388. ராமானுஜனும் ஹார்டியும் தங்கள் வாய்பாட்டின் எட்டு உறுப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த எண்ணிலிருந்து விலகல் 0.004 மட்டுமே இருந்தது.